குறைமாவு உணவில் உப்பும் சத்து மாத்திரையும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தைக் குறைக்கும் சாப்பாட்டை பேலியோ, லோ கார்ப், கீட்டோ என்று எந்தப் பெயரில் தொடங்கினாலும், முதல் மாதத்தில் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: எடை குறைகிறது, ஆனால் தெம்பே இல்லை. இதற்கு மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒன்று. சிறுநீரகக் கோளாறோ இதய பலவீனமோ உள்ளவர்கள், பிரஷர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் யாரும் கீழே சொல்லும் அளவுகளை டாக்டரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷருக்கும் சுகருக்கும் தனிக் கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு அவை பொருந்தும் என்றால் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

சோற்றை நிறுத்தி நாலு நாள்தான் ஆகிறது. தலைவலி, அசதி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. உடம்பில் உப்பு குறைந்திருக்கிறது.

மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் இறங்குகிறது. சோடியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. அது இறங்கினால் சோடியம் வெளியே போகும், தண்ணீரும் கூடவே போகும். அப்புறம், கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சேர்த்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். அதனால்தான் ராத்திரியில் நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுச் சாப்பாட்டில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நமக்கு உப்பு வருவதே சோற்றை ஒட்டித்தான். குழம்பு, ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சோற்றுக்காக இருப்பவை. இட்லியை விட்டால் சாம்பாரும் சட்னியும் போய்விடும். சாயங்காலம் தட்டுவடை செட்டை விட்டால் அதிலிருந்த உப்பும் காரமும் போய்விடும். மிச்சம் தட்டில் இருப்பது முட்டையும், அரை உப்பில் வதக்கிய காயும், கொஞ்சம் கறியும்தான். உள்ளே வரும் உப்பு குறைகிற அதே வாரத்தில் வெளியே போகும் உப்பு கூடுகிறது. தலைவலி வராமல் என்ன செய்யும்?

சரி, உப்பு எவ்வளவு? எப்படிச் சாப்பிடுவது?

இந்தப் பதில் வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பொதுவாக எல்லாருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது சுமார் 2 கிராம் சோடியம். மாவுச்சத்தை மிகவும் குறைத்தவர்களுக்கு, அதுவும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு, இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்பது இந்த உணவுமுறையைக் கையாளும் மருத்துவர்களின் அனுபவம். நான் கணக்குப் போட்டுக் குழப்புவதில்லை. சமையலில் வழக்கமான உப்பைப் போடுங்கள். அதற்கு மேல் காலையில் ஒரு டம்ளர், மதியத்துக்குப் பிறகு ஒரு டம்ளர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஒரு டம்ளர் என்றால் 250 மில்லி. அதில் அரை மூடி எலுமிச்சை, கால் டீஸ்பூன் பொடி உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல. இதில் சுமார் ஒன்றரை கிராம் உப்பு, அதாவது கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். கல் உப்பு என்றால் இடித்துவிட்டு அளக்கவும்; கல்லாக அளந்தால் நடுவில் காற்று நிற்கும், எடை குறையும். மடக்கென்று குடித்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். உப்புக் குறைவால் வந்த தலைவலி என்றால் பெரும்பாலும் அன்றைக்கே குறையத் தெரியும். ஓரிரு நாள் குடித்தும் மாறவில்லை என்றால் காரணம் வேறு. அதற்கு மேல் உப்பைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது.

எலுமிச்சை பிடிக்காதவர்கள் ஆட்டுக்கால் சூப்போ எலும்பு சூப்போ வைக்கலாம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, தாராளமாக உப்புப் போட்டு, சோளமாவு கரைத்து ஊற்றாமல். கடை சூப்பில் அந்த மாவுதான் பிரச்சினை. நீர்மோரும் ஆகும், கால் டம்ளர் தயிரைப் பெருக்கினால் இரண்டு மூன்று கிராம் மாவுச்சத்துக்கு மேல் வராது.

மூன்று வாரம் கழித்துத் தெம்பு திரும்பிவிட்டால் ஒரு டம்ளரை நிறுத்திப் பாருங்கள்.

எனக்கு பிரஷர் இருக்கிறது. உப்பைக் கூட்டச் சொல்கிறீர்களே?

உங்களுக்குச் சொல்லவில்லை.

மாவுச்சத்தைக் குறைத்து எடையும் இறங்கும்போது பலருக்கு பிரஷரும் இறங்கும். ஆனால் மாத்திரை பழைய அளவிலேயே இருக்கும். அப்போது வரும் தலைசுற்றலுக்கு மருந்து உப்பு அல்ல, மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றுவதுதான். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிஷம் கழித்து ஒரு தடவை பார்க்கவும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் "கிறுகிறுப்பா இருக்கு டாக்டர்" என்பதைவிட அந்த நோட்டு அவருக்கு நிறையச் சொல்லும்.

மாத்திரையின் பெயரையும் பாருங்கள். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இவையெல்லாம் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடியவை. இவற்றோடு பொட்டாசியம் உப்பு சேர்ந்தால் ஆபத்து. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃப்யூரோசிமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகள் நேர்மாறு. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். ஒரே மாத்திரையில் இரண்டு ரகமும் சேர்ந்து வருவதும் சகஜம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்திய அளவு உங்களுக்குப் பொருந்தாது.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்?

மாவுச்சத்தைக் குறைக்கும் முதல் நாளுக்கு முன்பே டாக்டரைப் பார்த்தாக வேண்டும், பிறகு அல்ல. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிளிமெபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குச் சோறு குறைந்ததும் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். இதை உப்புக் குறைவு என்று நினைத்து எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. மெஷினில் பாருங்கள்; 70-க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் டயட் கணக்கு கிடையாது.

இன்னொரு வகை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் வருவதால், தான் அதைச் சாப்பிடுவதே பலருக்குத் தெரியாது. இதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே வருவதால்தான் இது மோசம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்கோ போங்கள். சாப்பிடும் மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இந்துப்புதான் நல்லது, சாதா உப்பில் சத்து இல்லை என்கிறார்களே?

இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். அதில் எண்பது தாதுக்கள் இருக்கின்றன என்று சொல்லி விற்கிறார்கள். இருக்கும் அளவு உடம்புக்கு எந்தக் கணக்கிலும் சேராத துளி. சுவைக்காகப் போடுங்கள், தவறில்லை. ஆனால் அதில் போதுமான அயோடின் கிடையாது. சோற்றையும் விட்டு, பாலையும் விட்டு, அயோடின் உப்பையும் விட்டு, மீனும் அவ்வளவாகச் சாப்பிடாத பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். தைராய்டுக்கு அயோடின் வேண்டும். கர்ப்பமாகும் வயதில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். வீட்டில் சமையலுக்கு அயோடின் உப்பு இருக்கட்டும். முட்டை மேல் தூவ மட்டும் இந்துப்பு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறதே, பொட்டாசியத்துக்கு அது போதுமா?

அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்து, மேலே சொன்ன பிரஷர் மாத்திரைகள் எதுவும் இல்லாதவர்களுக்குச் சமையலில் கெடுதல் இல்லை. மற்றவர்கள் தொடக் கூடாது. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பையே குலைக்கும், முன்னறிவிப்பும் இருக்காது. தனியாகப் பொட்டாசியம் பொடி வாங்கி ஸ்பூனில் அளந்து தண்ணீரில் போடுவதை நான் ஆரோக்கியமானவர்களுக்குக்கூடச் சொல்வதில்லை. பொட்டாசியம் சாப்பாட்டில் இருந்து வரட்டும்.

சாப்பாட்டில் என்றால் எதில்? இளநீர் குடிக்கலாமா?

நாளுக்குச் சுமார் 3,500 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும். வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் இல்லாமல் அதை எப்படி எட்டுவது என்று பயப்பட வேண்டாம். கீரை இருக்கிறது. அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று எந்த உழவர் சந்தைக்குக் காலையில் போனாலும் அரைக்கீரை, சிறுகீரை, பாலக், முருங்கைக்கீரை கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பாலக் 100 கிராமில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. வேக வைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதிச் சத்து அதோடு போய்விடும். வதக்கியோ அந்தத் தண்ணீரோடு கடைந்தோ சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் பாலக்கைத் தவிர்த்து வேறு கீரைக்குப் போகலாம், அதில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். காளான், தக்காளி, கறி, மீன் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது.

அப்புறம் நமக்கு ஒரு கொடுப்பினை, ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட். 100 கிராம் சதையில் 480 மில்லிகிராம் ஒட்டிப் பொட்டாசியம், நார் போக மாவுச்சத்து 2 கிராம்தான். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பழம். சீசனில் மலையிலேயே வாங்கினால் வெளிநாட்டுப் பழம் என்று பெட்டியில் வைத்து விற்கும் விலைக்கும் இதற்கும் ஒப்பே இல்லை. பலர் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடித்துக் கெடுக்கிறார்கள். காயாக இருந்தால் அரிசிப் பானைக்குள் இரண்டு மூன்று நாள் வையுங்கள். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில் வெட்டி, உப்பு, மிளகு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுப் பிசைந்தால் இரண்டு ஆம்லெட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஒரு காய்க்குப் பத்து கிராம் ஒட்டி சர்க்கரையும் இருக்கும். நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்து வரை சாப்பிடுகிறவர்கள் எப்போதாவது குடிக்கலாம். 20 கிராமுக்குள் நிற்பவர்களுக்குக் கட்டாது.

தண்ணீர் ஐந்து லிட்டர் குடிக்கச் சொன்னார்கள்.

வேண்டாம். உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி அதிகமாகும், குமட்டும், முற்றினால் மனம் குழம்பி வலிப்புக்கூட வரும். தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும்.

ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. மெக்னீசியம் மாத்திரை போடலாமா?

முதலில் ஒரு வாரம் உப்பையும் தண்ணீரையும் சரி செய்யுங்கள். பாதிப் பேருக்கு மேல் அதிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். வயதானவர்களுக்கு வரும் சாதாரணச் சதைப்பிடிப்பில் மெக்னீசியம் மாத்திரை பெரிய பலன் தரவில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மெக்னீசியம் நிஜமாகவே குறைந்தவர்களுக்கு அது அவசியம். அது குறைவாக இருந்தால் பொட்டாசியமும் உடம்பில் தங்காது.

சாப்பாட்டில் பூசணி விதைதான் சிறந்தது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில், 150 மில்லிகிராம் ஒட்டிக் கிடைக்கும். அதே அளவு பாதாமில் 80. செவ்வாய்ப்பேட்டை பக்கம் கிலோக் கணக்கில் வாங்கினால் மலிவு.

மாத்திரைதான் வேண்டும் என்றால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் மெக்னீசியம் கிளைசினேட் 1000 மில்லிகிராம் என்று இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் எலிமென்டல் மெக்னீசியம், அதாவது அதில் இருக்கும் தனி மெக்னீசியம், என்று இன்னொரு எண் போட்டிருப்பார்கள், சுமார் 140. உடம்புக்குக் கணக்கு அந்தச் சின்ன எண்தான். மாத்திரை வழியாக அது நாளுக்கு 350-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 100 முதல் 200 வரை போதும். ஆக்சைடு வகை விலை குறைவு, ஆனால் சரியாக உறிஞ்சப்படாது, வயிற்றாலே போகும். சிட்ரேட்டும் கிளைசினேட்டும் பரவாயில்லை. மலச்சிக்கல் இருப்பவருக்கு சிட்ரேட் இரட்டை லாபம்.

சேலமே மெக்னசைட் பூமி. நம் போர் தண்ணீரில் மெக்னீசியம் இருக்காதா?

நல்ல கேள்வி. ஊருக்கு வடக்கே சேர்வராயன் மலை அடிவாரத்தில் தெரியும் வெள்ளைக்கல் மேடுகள் மெக்னீசியம் கார்பனேட்தான். அந்தக் கல் இரும்பு உலைகளின் உள்சுவருக்கான செங்கல் செய்யப் போகிறது. போர் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம். சோப்பு நுரைக்காததும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவதும் அதனால்தான். ஆனால் எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆர்.ஓ. போட்டால் அதுவும் போய்விடும். மேட்டூர் தண்ணீர் குடிக்கிறோமா போர் தண்ணீர் குடிக்கிறோமா என்பதை வைத்துச் சத்துக் கணக்குப் போட முடியாது. தட்டில் இருப்பதை நம்புங்கள்.

கொலுசுப் பட்டறையில் வேலை. நாள் முழுக்கத் தீ முன்னால். எனக்கும் அதே இரண்டு டம்ளர்தானா?

இல்லை, உங்களுக்குக் கூடுதல் வேண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகலாம். சித்திரை வெயிலில், பற்றவைக்கும் ஜுவாலை முகத்துக்கு நேரே இருக்க, மின்விசிறியைப் போட்டால் தீ அலையும் என்று அதையும் நிறுத்திவிட்டு உட்காருகிறவருக்கு மதியத்துக்குள் சட்டை முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்துவிடும். அந்தக் கோடுதான் அடையாளம். ஒரு லிட்டர் பாட்டிலில் அரை டீஸ்பூன் உப்பும் ஒரு எலுமிச்சையும் கலந்து பக்கத்திலேயே வைத்து, வேலைக்கு நடுநடுவே குடியுங்கள். விசைத்தறிக் கூடத்தில் நிற்பவர்களுக்கும் இதேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே போகப் போகக் குளிர்வதால் வியர்த்ததே தெரியாது. கிளம்பும் முன் ஒரு டம்ளர், போகும் வழியில் ஒரு பாட்டில். உணவு மாற்றிய முதல் இரண்டு வாரம் மலை ஏறவே வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் குடிக்கலாமா?

வயிற்றுப்போக்கு என்றால் மறுபேச்சில்லாமல் குடியுங்கள். உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சோடியத்தைக் குடல் உறிஞ்ச அந்தச் சர்க்கரை தேவை. அன்றைக்கு கீட்டோ கலைந்தால் கலையட்டும். தினசரி பானமாக அது தேவையில்லை. பழச்சுவை போட்ட அட்டைப்பெட்டி பானங்கள் வேறு, அவற்றில் சர்க்கரை பல மடங்கு.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எத்தனை மாதமாக? குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர்கள் பொதுவாக எட்டு வாரம் போலக் கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்பார்கள். அந்தப் பழைய சீட்டை வைத்தே வருஷக்கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. டி கொழுப்பில் கரைவது, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தைராய்டு மாத்திரையோடு இவற்றையெல்லாம் சேர்த்துப் போடலாமா?

கால்சியம், இரும்பு, மெக்னீசியம் மூன்றும் தைராய்டு மாத்திரையை உறிஞ்சவிடாது. நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். காலையில் தைராய்டு, மதியம் இரும்பு, ராத்திரி மெக்னீசியம் என்று வைத்துக்கொண்டால் ஞாபகம் இருக்கும்.

நாங்கள் சைவம்.

அப்படியென்றால் பி12 பரிசோதனை கட்டாயம், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கட்டாயம், அது பி12-ஐக் குறைக்கும். கேழ்வரகை விட்டதால் போன கால்சியத்தைப் பனீர், தயிர், எள், முருங்கைக்கீரையில் ஈடு கட்டலாம்.

மல்டிவைட்டமின், மீன் எண்ணெய்?

காய்கறி, முட்டை, கீரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வேண்டாம். அந்தக் காசுக்கு மேட்டூர் அணை மீன் வாங்குங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் இரண்டு நாள் கூழும் ஜவ்வரிசிப் பாயசமும் சாப்பிட்டேன். இரண்டு கிலோ ஏறிவிட்டது. எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை. இரண்டு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேராது. கிளைகோஜன் நிரம்பியது, கூடவே தண்ணீரும் திரும்பியது. இன்சுலின் ஏறியதால் சிறுநீரகம் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. மோதிரம் இறுகுவது அதனால்தான். அந்த இரண்டு நாளும் உப்பு எலுமிச்சைத் தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும், மாவும் கூடுதல் உப்பும் ஒன்றாக வேண்டாம். இப்போது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இறங்கிவிடும். இறங்கும்போது மறுபடி தலைவலி வரலாம். அன்றைக்கு டம்ளரைத் திரும்ப எடுங்கள்.

ரத்தப் பரிசோதனை எப்போது, என்னென்ன?

தொடங்கும் முன் ஒரு தடவை: கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம், சர்க்கரையின் மூன்று மாத சராசரி, டி, பி12, தைராய்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்கிறபடி சில வாரங்களிலேயே மறுபடி. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது வழக்கம். மெக்னீசியத்தில் ஒரு சதவீதம் போலத்தான் ரத்தத்தில் இருக்கும், மற்றதெல்லாம் எலும்பிலும் திசுக்களிலும். அதனால் அறிக்கையில் சரியாக இருப்பதை வைத்து உடம்பில் குறைவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொட்டாசியம் அதிகம் என்று வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குள் செல்கள் உடைந்தாலும் அந்த எண் பொய்யாக ஏறும், அதனால் அவர் மறுபடி எடுக்கச் சொல்லலாம். அந்த முடிவு வரும்வரை பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும் நிறுத்தி வையுங்கள்.